நாற்பதாம் நாள் கதவு

அந்தத் தடவை கதவுத் திருநாள் ஏழு நாள் தள்ளிப்போனது. கப்பலின் முன்கதவைத் திறக்கிற மரியலூயி, திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்து இறந்துபோனார். கைப்பிடியைச் சுழற்றும் உரிமை அவர் வீட்டாருக்கு மட்டும்தான். துக்க வீட்டில் ஏழாம் நாள் பூசை முடிகிறவரை அந்தக் கைப்பிடியை யாரும் தொடக்கூடாது. கப்பல் பூமியை விட்டுக் கிளம்பி அறுபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்படித் தள்ளிப்போனது இதுவே முதல் தடவை.

கதவு என்றால் நம் வீட்டுக் கதவு மாதிரி இல்லை. அது கப்பலின் முகத்தில் மாட்டிய கனத்த கேடயம். கப்பல் போகிற வேகத்தில் வழியில் கிடக்கும் ஒரு துளி தூசிகூடத் துப்பாக்கி ரவை மாதிரி வந்து பாயும். கேடயத்துக்குப் பின்னால்தான் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் கண்ணாடியில் நாலு கீறல் விழும். அதனால் முதலில் ஏறி வந்தவர்கள் நாற்பது நாளைக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் திறந்தால் போதும் என்று வைத்தார்கள். வைத்தது நாளாவட்டத்தில் திருநாளாகிவிட்டது. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் வந்து, தொலைநோக்கித் திரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிற அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு கை பொரிகடலையும் வெல்லமும் கிடைக்கும். அந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிற ஓர் உருண்டையில்தான் இன்னும் ஒன்பது வருஷத்தில் எண்ணூறு பேரும் போய் இறங்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நம்ம மண்’.

பிலோமினா அந்தத் தொலைநோக்கியின் தலைமை அளவையாளர். ஐம்பத்தேழு வயது. தள்ளிப்போன திருநாளன்று அவள் சுவர்க்கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். கூட வந்த கணவர் சந்தியாகு நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றார்.

“ஏட்டி, நீ முன்ன போ. நான் செவத்தோட பேசிக்கிட்டே வாரேன்” என்றார்.

“செவரு என்ன சொல்லுது?”

“அதுவும் களைச்சுப் போச்சாம்.”

கப்பலில் எல்லோருமே களைத்துத்தான் இருந்தார்கள். கப்பல் ராட்டினம் போலச் சுழல்வதால்தான் அதன் விளிம்பில் வாழ்கிறவர்களின் கால் தரையில் நிற்கிறது. சுழற்சி கூடினால் உடம்பு கனக்கும், குறைந்தால் லேசாகும். பூமியில் இருந்த கனத்தை நூறு என்று வைத்துக்கொண்டால் இப்போது விளிம்பில் நூற்று நாற்பது. போய்ச் சேரும் மண்ணின் இழுப்பு நூற்று ஐம்பத்தாறு என்று இருபத்தாறு வருஷத்துக்கு முன் அளந்து சொன்னார்கள். திடீரென்று அதில் போய் இறங்கினால் யாருக்கும் எழுந்து நிற்க வராது. ஆகவே உடம்பைப் பழக்க வேண்டும் என்று சில வருஷத்துக்கு ஒருமுறை எட்டெட்டாகக் கனத்தை ஏற்றிக்கொண்டே வந்தார்கள். ஐந்து ஏற்றம் முடிந்திருந்தது. அந்த ஐந்திலும் நாற்பத்தொரு பேர் இறந்திருந்தார்கள். வயதானவர்கள், நெஞ்சு பலமில்லாதவர்கள், பிரசவத்துக்கு இருந்தவர்கள், சில சிசுக்கள்.

அளந்து சொன்னது பிலோமினாதான். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.

ஆறாவது ஏற்றத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. தாங்க முடியாதவர்கள் என்று வைத்தியர் கொடுத்த பட்டியலில் ஒன்பது பேர், அதில் நாலாவது பெயர் சந்தியாகு. பட்டியலில் உள்ளவர்களை ஏற்றத்துக்கு முன்னால் நடுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது சக்கரத்தின் அச்சு மாதிரி கப்பலின் மையத்தில் இருக்கும் கூடம். அங்கே கனமே கிடையாது, மிதக்கலாம். ஆனால் அங்கே போனவர்களின் எலும்பு மெலிந்துபோகும், திரும்ப இறங்க முடியாது. மண்ணில் கால்வைக்கும் நாளிலும் அவர்கள் கப்பலிலேயே இருந்துகொள்ள வேண்டியதுதான். முப்பத்துமூன்று பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பதின்மூன்று நாளில் மேலே அனுப்பிவிட்டு, பிலோமினா மட்டும் கீழே இருக்க வேண்டும். அதை இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

மரியலூயியின் மகன் பெர்க்மான்ஸ் கண் வீங்கிப்போய் வந்து கைப்பிடியைச் சுழற்றினான். கதவு திறந்தது. பிள்ளைகள் பார்த்தார்கள், கடலை தின்றார்கள். பிலோமினா வழக்கம்போல அளந்தாள்.

அளப்பது இப்படி. மண்ணை நேரே பார்க்க முடியாது, நட்சத்திரத்தின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். ஆனால் சுற்றுகிற மண் தன் நட்சத்திரத்தைக் கொஞ்சம் இழுக்கும். மண் இந்தப் பக்கம் இருந்தால் நட்சத்திரம் அரைக் கடுகு இந்தப் பக்கம் அசையும், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். எவ்வளவு அசைகிறதோ அதிலிருந்து மண்ணின் எடையைச் சொல்லிவிடலாம். நாற்பது நாளைக்கு ஒரு புள்ளியாக இருபத்தாறு வருஷத்துப் புள்ளிகள் கோட்டின்மேல் பாசிமணி கோத்த மாதிரி உட்கார்ந்திருந்தன.

அன்றைய புள்ளி கோட்டில் உட்காரவில்லை. மூன்றில் ஒரு பங்கு கீழே கிடந்தது.

பிலோமினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அந்தத் துள்ளல்தான் அவளைப் பயமுறுத்தியது. அசைவு குறைவென்றால் எடை குறைவு. எடை குறைவென்றால் ஏற்றம் வேண்டாம். ஏற்றம் வேண்டாமென்றால் சந்தியாகு வீட்டிலேயே இருப்பார். நாம் ஆசைப்படுகிற எண் நம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறதே, அதை எப்படி நம்புவது?

“கோமதி, நீ ஒருக்கா பாரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று தன் உதவி அளவையாளரைக் கூப்பிட்டாள்.

கோமதிக்கு நாற்பது வயது, சுருக்கமாகப் பேசுகிறவள். பார்த்தாள். முதலில் கண்ணாடியைச் சந்தேகப்பட்டாள், பிறகு கடிகாரத்தை, பிறகு வெப்பத்தை. இரண்டு நாள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார்கள். எதிலும் பழுதில்லை.

“யக்கா, சாமான் எல்லாம் சரியா இருக்கு. அப்ப கோடுதான் தப்பு” என்றாள் கோமதி.

“இருபத்தாறு வருசத்துக் கோடு.”

“ஆமா. இனி அதையும்தான் கழட்டிப் பாக்கணும்.”

மூன்றாம் நாள் காலையில், சமையலுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது பிலோமினாவின் கை நின்றுவிட்டது. உரித்ததில் இரண்டு பட்டாணியை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள். நகர்த்திப் பார்த்தாள். திரும்பவும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு தட்டையும் பட்டாணியையும் தூக்கிக்கொண்டு, எழுபது அடி நடக்க மூன்று இடத்தில் சுவரில் சாய்ந்து நின்று, கப்பல் தலைவர் இன்னாசியின் அறைக்குப் போனாள்.

இன்னாசி சந்தியாகுவின் தம்பி. பட்டியலில் அண்ணன் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். போட்ட நாளிலிருந்து அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

“வாங்க மைனி. என்ன, தட்டோட வந்திருக்கிய? சாப்பாடு போடப்போறியளா?”

“ஒக்காரும். இந்தத் தட்டோட நடு நம்ம நட்சத்திரம். இந்தப் பட்டாணி நம்ம மண்ணு. சுத்திவர நூத்தி அறுவது நாளு. நாப்பது நாள்ல எவ்வளவு போவும்?”

“கால் சுத்து.”

“இந்தா, இன்னொரு பட்டாணி. இது உள்ள தள்ளிச் சுத்துத இன்னொரு உருண்டை. முப்பத்திரண்டு நாளைக்கு ஒரு சுத்து. இது நாப்பது நாள்ல?”

இன்னாசி கணக்குப் போட்டார். “ஒரு சுத்து முடிச்சு, மேல எட்டு நாளு. ஒண்ணேகால் சுத்து.”

“கண்ணை மூடும்.” நகர்த்தினாள். “தொறந்து பாரும்.”

இரண்டு பட்டாணியும் ஒரே திசையில் இருந்தன. திரும்ப மூடச் சொன்னாள், திரும்பத் திறக்கச் சொன்னாள். நாலு தடவையும் இரண்டும் கைகோத்துக்கொண்டு நின்றன.

“நாப்பதாம் நாள் மட்டும் கண்ணைத் தொறந்தா ரெண்டும் எப்பவும் ஒரே பக்கம்தான் நிக்கும். ரெண்டும் சேந்து இழுக்குத இழுப்பை நான் ஒரு ஆளோட இழுப்புன்னு எழுதிட்டேன். அங்கங்க கொஞ்சம் பெசகு இருந்துச்சு. நட்சத்திரத்து மேல கறை இருக்கும்லா, அது தலையில போட்டேன். இந்தவாட்டி மரியலூயி அண்ணன் செத்து ஏழு நாள் பிந்திக் கண்ணைத் தொறந்தோம். உள்ள இருக்கது வெலகிப் போயிருச்சு. அதான் புள்ளி விழுந்துட்டு.”

இன்னாசி உள்பட்டாணியைத் தன் விரலால் மெல்ல நகர்த்தினார்.

“அப்ப நம்ம மண்ணு மட்டும் எவ்வளவு?”

“தொண்ணூத்தஞ்சு வரும்னு தோணுது.”

“பூமியை விடவா கம்மி?”

“தோணுதுன்னுதான் சொன்னேன். ஒரு புள்ளியை வச்சுச் சொல்லக்கூடாது. இன்னும் ஆறு நாள்ல, உள்ள இருக்கது திருநாள்ல நிக்குத எடத்துக்குச் சரியா எதிர்ப்பக்கம் போயிரும். அன்னைக்குக் கதவைத் தொறந்தா ஒண்ணா ரெண்டான்னு தெரிஞ்சுபோவும். ஏத்தத்துக்கு நாலு நாள் முந்தி.”

இன்னாசி பட்டாணியிலிருந்து விரலை எடுத்தார்.

“சகாயம் போனது மூணாவது ஏத்தத்துல” என்றார். சகாயம் அவர் மனைவி. வயிற்றில் எட்டு மாதம். “வேண்டாம்னு அவ சொன்னா. ஊருக்கு ஒரு சட்டம் தலைவன் வீட்டுக்கு ஒரு சட்டமான்னு நான்தான் சத்தம் போட்டேன்.”

“தெரியும்.”

“இது நெசமா இருக்கக்கூடாது மைனி.”

பிலோமினா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னாசி தொடர்ந்து பேசினார்.

“நீங்க நெசமா இருக்கணும்னு நினைக்கிய. நான் இருக்கக்கூடாதுன்னு நினைக்கேன். ரெண்டு பேரும் இதுல கைவைக்கக்கூடாது. திருநாளு இல்லாத நாள்ல கதவைத் தொறந்தா ஊரு என்ன சொல்லும்? அண்ணனைக் காப்பாத்தத் தம்பி தொறந்தான், பொண்டாட்டி எண்ணைக் கொறச்சு எழுதினாள்னு சொல்லும். எவனும் நம்பமாட்டான். ஏத்தம் முடியட்டும். முப்பது நாள் கழிச்சு முறைப்படி வார திருநாள்ல பாப்போம்.”

“முறைப்படி பாத்தா மறுபடியும் ரெண்டும் ஒரே பக்கம்தான் நிக்கும்வே. அந்த முறைதானே நம்மளக் கெடுத்தது.”

“நான் தொறக்கமாட்டேன்” என்றார் இன்னாசி. அவர் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சந்தியாகுவிடம் சொன்னாள். பட்டாணி விளையாட்டைக் காட்டினாள். அவர் படுக்கையில் சாய்ந்தபடி பார்த்தார். கனம் அவர் கன்னத்தைக் காதுப்பக்கம் இழுத்திருந்தது.

“கெட்டிக்காரிதான்” என்றார்.

“கெட்டிக்காரியா? இருபத்தாறு வருசம் கழிச்சு.”

“தம்பி சொல்லுததும் சரிதானே. என் பேரு பட்டியல்ல இருக்கவரைக்கும் நீ நூறுன்னு சொன்னாலும் ஊரு எம்பதுன்னுதான் கேக்கும்.”

“கோமதியை அளக்கச் சொல்லுதேன். நான் தொடமாட்டேன்.”

“கோமதி யாரு? நீ வளத்த ஆளு.” மூச்சு வாங்கினார். “பட்டாணி வேகவைக்கப் போறியா, இல்ல விளையாடிக்கிட்டே இருக்கப்போறியா?”

அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பட்டாணித் தோலை எடுத்துப்போட்டார்.

மறுநாள் காலையில் அவள் தொலைநோக்கி அறைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது படுக்கை மடித்து வைத்திருந்தது. வாசலில் பெர்க்மான்ஸ் நின்றான்.

“மாமா மேல போயிட்டாரு அத்தை. என்னைத்தான் கூப்பிட்டாரு. தூக்கிவிட ஆளு வேணும்லா. நான் சொன்னேன், அத்தை வந்திரட்டும்னு. கேக்கல.”

“எங்க மேல?”

அவன் விரலை மேலே காட்டினான். மேலே என்றால் கப்பலில் ஒரே இடம்தான்.

“பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டாரு. பட்டியல்ல பேரை அடிச்சுட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ‘இப்ப நம்ம வீட்டுக்கு ஒரு லாபமும் இல்ல, எண்ணை அளக்கச் சொல்லு’ன்னு.”

பிலோமினா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். நூற்று நாற்பது கனத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டும். பெர்க்மான்ஸ் கை நீட்டினான், அவள் பிடிக்கவில்லை. அப்படியே இருந்தாள். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மனுஷன் இனிமேல் இந்தக் கனத்துக்குத் திரும்பி இறங்கினால் படியிலேயே போய்விடுவார். எண் அவள் சொன்னபடி வந்தால் வீணாகப் போனார். வராவிட்டால் ஒன்பது நாள் முந்திப் போனார். எப்படிப் பார்த்தாலும் போனது போனதுதான்.

மத்தியானம் இன்னாசி வந்தார், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“சின்னப் பிள்ளையில இருந்தே இப்படித்தான் மைனி. நான் உடைச்ச பானைக்கு அவன் அடி வாங்குவான்” என்றார். “கதவைத் தொறக்கச் சொல்லிட்டேன்.”

ஐந்தாம் நாள் கதவு திறந்தது. திருநாள் இல்லை, பிள்ளைகள் இல்லை, கடலை இல்லை. ஊரில் பத்துப் பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார் இன்னாசி. பிலோமினா இரண்டு எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்திருந்தாள். மண் ஒன்றுதான் என்றால், திருநாளுக்குப் பிறகு அது நகர்ந்த கணக்கைக் கழித்து, அசைவு நூற்று இருபத்தாறு வரவேண்டும். இரண்டு என்றால் பதினாறு. எழுதிக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

கோமதி அளந்தாள். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

“பதினேழு” என்றாள் கோமதி. “யக்கா, பதினேழு.”

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல.

அந்தப் பத்துப் பேரையும் அனுப்பிவிட்டு இன்னாசி சொன்னார்: “ஊரைக் கூட்டணும். கூட்டுததுக்கு முந்தி ஒண்ணு யோசிச்சேன் மைனி. அந்தப் பத்துப் பேரும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவிய, சொல்லமாட்டாங்க. கப்பல் சுத்துத அச்சு தேஞ்சு போச்சு, இனி வேகத்தைக் கொறச்சே ஆகணும்னு சொல்லிருவோம். மாசத்துக்கு ரெண்டு ரெண்டாக் கொறப்போம். ரெண்டே வருசத்துல தொண்ணூத்தஞ்சு. ஒரு உசுருக்கும் ஆபத்து இல்ல. செத்தவங்க செத்ததுக்கு ஒரு அர்த்தம் இருந்ததாவே இருந்துட்டுப் போவட்டும்.”

“உமக்காகச் சொல்லுதியளா, ஊருக்காகச் சொல்லுதியளா?”

“பிரிச்சுச் சொல்லத் தெரியல.”

பிலோமினாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் சொன்னது கெட்ட யோசனையும் இல்லை. நாற்பத்தொரு வீட்டில் ஆறிப்போன புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? அவளுக்குமே அதுதான் சௌகரியம். ஊர் அவள் முகத்தைப் பழையபடியே பார்க்கும். ஆனால் மேலே முப்பத்துநாலு பேர் இருக்கிறார்களே.

“அச்சு தேஞ்சதுன்னு சொன்னா மேல இருக்கவங்களுக்கு என்ன பதில்? அவங்க ஏன் மேல இருக்காங்கன்னு கேட்டா? ஒன்பது வருசம் கழிச்சு அந்த மண்ணுல கால்வச்சதும், எல்லாருக்கும் காலுல தெரிஞ்சுபோவும்வே. அப்ப என்னையும் உம்மையும் தேடுவாங்க. நாம இருக்கமாட்டோம். வேற யாரோ பதில் சொல்லணும்.” அவள் மூச்சு வாங்கினாள். “நான் சொல்லிருதேன். தப்பு என்னுது. நீரு பக்கத்துல நின்னாப் போதும்.”

சாப்பாட்டுக் கூடத்தில் ஊர் கூடியது. அந்தக் கனத்தில் யாரும் நின்று கேட்பதில்லை, எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பிலோமினாவும் உட்கார்ந்தபடியே சொன்னாள். தட்டையும் பட்டாணியையும் கோமதி பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒரு சிறுமி, “ரெண்டு இருக்கு, ரெண்டு இருக்கு” என்று கையைத் தட்டினாள். அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் அழுத்தினாள்.

சொல்லி முடித்ததும் செபமாலை எழுந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். நாலாவது ஏற்றத்தில் அவளுடைய ஐந்து வயது மகள் போயிருந்தாள்.

“இருபத்தாறு வருசம் நாப்பது நாளைக்கு ஒருக்கா பாத்தியே பிலோமினா. ஒரு நாள் முந்தியோ பிந்தியோ பாக்கணும்னு உனக்குத் தோணலியா?”

“தோணலக்கா.”

“ஏன் தோணல?”

பிலோமினா யோசித்தாள். கண்ணாடி கீறும், தூசி, சட்டம் என்று சொல்ல நிறைய இருந்தது. எதுவும் உண்மையான பதில் இல்லை.

“திருநாள் நாப்பதாம் நாள்தானக்கா” என்றாள்.

பாருங்கள், கப்பலில் இருந்த எண்ணூறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. எல்லோரும் அந்த நாளுக்குத்தான் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டார்கள், எல்லோரும் கடலை தின்றார்கள். பெர்க்மான்ஸ் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் அப்பாவும் தாத்தாவும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை.

செபமாலை உட்காரவில்லை. “திட்டணும்னுதான் எந்திரிச்சேன்” என்றாள். “தெம்பு இல்ல. கனத்தை எறக்குங்க. எறக்கின பொறவு தெம்பு வந்தா வந்து திட்டுதேன்.”

“வாங்க” என்றாள் பிலோமினா.

பிறகு இன்னாசி நாற்பத்தொரு பெயரையும் படித்தார். மூன்றாவது ஏற்றத்துக்கு வந்தபோது ‘சகாயமேரி’ என்று படித்து, அடுத்த வரியில் பெயர் வைக்காத பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். “எங்க பிள்ளை” என்றார். மேலே படித்தார்.

கூட்டம் கலைந்ததும் அவர் பிலோமினாவிடம் வந்தார். வேறு ஆளைத் தலைமை அளவையாளராக வைத்துக்கொள்ளும்படி அவள் கேட்டாள்.

“கோமதியை வையும். எனக்கு முடியல.”

“கோமதி இருப்பா. நீங்களும் இருக்கணும். தப்புன்னு வந்து ஊருக்கு முன்னால சொல்லுத ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?” என்றார் இன்னாசி. “இனி நாளு பாத்துத் தொறக்கவேண்டாம். கண்ணாடி கீறினாக் கீறட்டும். இப்ப மேல போங்க. அங்க யாரும் இன்னும் சொல்லல.”

நடுக்கூடத்துக்கு ஏணி வழியாக, மாடி மாதிரிப் பன்னிரண்டு தட்டுகள் ஏற வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கனம் கொஞ்சம் கழன்றுகொண்டே வரும். நாலாவது தட்டில் முழங்கால் வலி நின்றது. ஏழாவதில் முதுகு நிமிர்ந்தது. பத்தாவதுக்கு மேல் கையால் கம்பியைத் தொட்டால் போதும், உடம்பு தானாகப் போனது. சுமையெல்லாம் இப்படிக் கழன்று போகிறதே என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக எவ்வளவு தூக்கி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு தட்டும் அவளுக்கு எண்ணிக் காட்டியது.

மேலே இருந்தவர்களிடம் அவள் முதலில் சொன்னாள். அங்கே வைத்தியரும் இருந்தார். அவர்களில் சிலர் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், “அப்ப கீழ எறங்கலாமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்பதுபோலப் பார்த்தார்.

வைத்தியர்தான் பதில் சொன்னார். நூற்று ஐம்பத்தாறு என்றால் நினைத்தே பார்க்க முடியாது. தொண்ணூற்றைந்து என்றால் முயன்று பார்க்கலாம். ஒரேயடியாக இல்லை. தட்டுத் தட்டாக, ஒரு தட்டில் ஏழு மாதம் தங்கி, எலும்பு அந்தக் கனத்துக்குப் பழகினபின் அடுத்தது. பன்னிரண்டு தட்டுக்கு ஏழு வருஷம். எல்லோராலும் முடியாது. சிலரால் முடியலாம்.

சந்தியாகு கூடத்தின் கோடியில், கயிற்றில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பிலோமினா அருகில் போய்ப் பார்த்தாள். கன்னத்தை இழுத்துப் பிடித்திருந்த கனம் போனதும் அவர் முகம் கல்யாணத்தன்று இருந்தமாதிரி இருந்தது. மூச்சு சீராக வந்தது. இப்படி அவர் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்திலேயே மிதந்தாள். கைகள் தாமாக மேலே எழும்பின, எழும்பட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எத்தனை?” என்றார்.

“தொண்ணூத்தஞ்சு.”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அவர் எதைக் கூட்டி எதைக் கழிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் சொன்னார்: “அப்ப எங்கம்மா…”

இரண்டாவது ஏற்றத்தில் போனவள் அவர் அம்மா.

“ஆமா” என்றாள் பிலோமினா.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கனமில்லாத இடத்தில் கண்ணீர் வழியாது, கண்ணிலேயே உருண்டு நிற்கும். அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

“கீழ சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அடிச்சாங்களா?”

“தெம்பு வந்த பொறவு வாரேன்னுருக்காங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார், முழுதாக வரவில்லை. பிறகு வைத்தியர் சொன்னதை அவள் சொன்னாள். தட்டுக்கு ஏழு மாதம், பன்னிரண்டு தட்டு, கடைசித் தட்டு வரைக்கும் நெஞ்சு தாங்குமா என்று யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னாள். தெரிந்ததைக் குறைத்தோ கூட்டியோ சொல்ல இனிமேல் அவளால் ஆகாது.

“ஏழு வருசம்” என்றார் சந்தியாகு.

“ஏழு வருசம்.”

“எனக்கு அறுவத்தெட்டு ஆயிருமே.”

“ஆவும்.”

அவர் கயிற்றிலிருந்து கையை உருவினார். கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார், மேலே பார்த்தார், தன் கால்களுக்குக் கீழே பார்த்தார்.

“சரி. எஞ்செருப்பு இங்கனதான் எங்கயோ பறந்துக்கிட்டிருந்துச்சு” என்றார். “பிடிச்சுக் குடு.”